கரன்ட் பெட்டியோடு அலைந்த டாக்டர்

எங்க ஸ்கூல்ல கூடப் படிச்ச ஒருத்தனுக்கு நாங்க வச்ச பட்டப்பெயர் ஃபுட்பாலர். அவன் ஒரு நாளும் பந்தை உதைச்சதில்ல. மூணாவது படிக்கும்போதே அவனோட கெண்டைக்கால் ரெண்டும் எங்க எல்லாரையும் விடப் பெருசா, கெட்டியா இருக்கும். ஆனா ஓட வராது. தரையிலிருந்து எழுந்திருக்கணும்னா முதல்ல கையை ஊன்றுவான், அப்புறம் முழங்கால்ல கை, அப்புறம் தொடையில கை, தன் உடம்பு மேலயே ஏணி வச்சு ஏறுற மாதிரி ஏறி நிமிருவான். நாங்க சிரிச்சோம். விளையாட்டு சார் சோம்பேறின்னு திட்டினார். ஒரு டாக்டர் சத்து டானிக் எழுதிக் கொடுத்தாராம். இவ்வளவு கெட்டியான காலைப் பார்த்துட்டு யாருக்கும் சந்தேகமே வரல. என்ன நோய்னு தெரிஞ்சப்போ அவனுக்கு ஒன்பது வயசு. ஏழாவதுல வீல்சேர். கிளாஸ் மாடியில இருந்ததால நாலு பேர் சேர்ந்து தூக்கிட்டுப் போவோம். ஒன்பதாவதோட ஸ்கூலையே நிறுத்திட்டாங்க.

அந்த நோயின் பெயர் டுஷேன் மஸ்குலர் டிஸ்ட்ரோபி. தமிழில் டுஷேன் தசைச் சிதைவு நோய், சுருக்கமாக டி.எம்.டி. பெயர் எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். ஆனால் யார் இந்த டுஷேன் என்று தேடியது இந்த வருஷம்தான். எங்கள் ஃபைனல் இயர் பிராஜெக்ட் ஒரு ஈ.எம்.ஜி. சென்சார், அதாவது தசை சுருங்கும்போது உண்டாகும் மின் சிக்னலைத் தோல் மேலிருந்து பிடிக்கும் சர்க்யூட். லிட்டரேச்சர் சர்வேக்காக ஒவ்வொரு பேப்பராகப் பின்னோக்கிப் போனால் கடைசியில் ஒரு மனிதர் கையில் பெட்டியோடு நிற்கிறார். நம்ம ஈ.ஈ.ஈ., ஈ.சி.ஈ. மக்களுக்கு அவர் கிட்டத்தட்டச் சொந்தக்காரர். அதனால் இந்த மாதம் அவர் கதை. (பிரெஞ்சுப் பெயர்களை என் காதுக்குத் தோன்றியபடி எழுதியிருக்கிறேன். பிரெஞ்சு தெரிந்தவர்கள் மன்னிக்கவும்.)

கியோம் டுஷேன் பிறந்தது 1806-ல், பிரான்ஸின் வடக்குக் கரையில் இருக்கும் பூலோன் என்ற துறைமுக ஊரில். கடலுக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்து. பரம்பரையாகக் கடலை நம்பிய குடும்பம். அப்பா கப்பல் கேப்டன், நெப்போலியன் காலத்துக் கடற்போரில் செய்த சேவைக்காக லெஜியன் ஆஃப் ஹானர் பதக்கம் வாங்கியவர். மகனும் கடலுக்கு வரணும்னு அவருக்கு ஆசை. நம்ம வீட்டுக் கதைக்கு அப்படியே உல்டா. அப்பா கப்பல்ங்கிறார், பையன் மெடிக்கல்ங்கிறான். பையன்தான் ஜெயித்தான். பாரிஸில் படித்து 1831-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆய்வேடு தீக்காயங்களைப் பற்றியது. ஊருக்குத் திரும்பிச் சாதாரண டாக்டராக உட்கார்ந்தார். கல்யாணமும் ஆனது.

அவர் பட்டம் வாங்கிய அதே 1831-ல்தான் லண்டனில் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். இதை ஞாபகத்தில் வையுங்கள்.

1833-ல் டுஷேனின் மனைவி பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் இறந்துபோனார். பிரசவம் பார்த்தது டுஷேனே. அந்தக் காலத்தில் இந்தக் காய்ச்சல் ஐரோப்பா முழுக்கப் பெண்களைக் கொன்றுகொண்டிருந்தது. டாக்டர்கள் கை கழுவினாலே சாவு குறையும் என்று வியன்னாவில் செம்மல்வைஸ் காட்டியது 1847-ல். அதற்கு இன்னும் 14 வருஷம் இருந்தது. ஆனால் சம்பந்தி வீட்டுக்கு இதெல்லாம் தெரியாதே. இவர் தனியாக இருந்து பிரசவம் பார்த்ததால்தான் பெண் செத்தாள் என்று மாமியார் ஊரில் சொல்ல, சின்ன ஊர், பேச்சு பரவியது. நோயாளிகள் வருவது குறைந்தது. பிறந்த மகன் எமிலை மனைவியின் குடும்பமே எடுத்து வளர்த்தது. அப்பாவுக்கும் மகனுக்கும் கிட்டத்தட்ட 30 வருஷம் தொடர்பே இல்லை.

இந்தக் கட்டத்தில் நானாக இருந்தால் ஊரை விட்டே போயிருப்பேன். அவர் உடனே போகவில்லை. வந்த கொஞ்ச நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு, மீதி நேரத்தில் கரன்டில் கை வைத்தார்.

அப்போது பிரான்ஸில் ஒரு சிகிச்சை இருந்தது. சார்லாண்டியேர் என்ற டாக்டர் ஆரம்பித்தது. தோலுக்குள் ஊசியைக் குத்தி அதன் வழியாக மின்சாரம் செலுத்துவது. டுஷேன் அதைச் செய்து பார்க்கும்போது ஒன்றைக் கவனித்தார். இரண்டு ஊசிக்கு நடுவில் இருக்கும் தசை மட்டும் சுருங்குகிறது, பக்கத்துத் தசை சும்மா இருக்கிறது. மற்றவர்கள் இதை வலி போக்கும் வித்தையாகப் பார்த்தார்கள். இவர் இதை அளவுக்கருவியாகப் பார்த்தார். ஒவ்வொரு தசையையும் தனியாக ஸ்விட்ச் போட்டுப் பார்க்க முடிந்தால், எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று வெளியிலிருந்தே சொல்லிவிடலாம் இல்லையா?

நம்ம மல்டிமீட்டரில் கன்டினியூட்டி செக் பண்ணுவது ஞாபகம் வருகிறதா? அதேதான், மனுஷ உடம்பில்.

1842-ல் ஊரை விட்டுப் பாரிஸுக்குப் போனார். அதற்குள் இரண்டாவது கல்யாணமும் ஒத்துப்போகாமல் முடிந்திருந்தது. பாரிஸில் அவருக்கு வேலை கிடையாது. எந்த ஆஸ்பத்திரியிலும் பதவி இல்லை, காலேஜில் நாற்காலி இல்லை, கடைசி வரை இல்லை. காலையில் கரன்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு ஆஸ்பத்திரி வார்டாகப் போவார். ஆர்வமூட்டும் நோயாளி யாராவது இருந்தால் அனுமதி கேட்டுப் பரிசோதிப்பார். சொந்த பிராக்டிஸில் வந்த வருமானத்தில் வாழ்க்கை. கடலோர ஊர்ப் பேச்சு, மேடையில் கோர்வையாகப் பேச வராது. இளம் டாக்டர்கள் கிண்டல் செய்தார்கள். ஹாஸ்டலுக்கு முதல் நாள் வந்த டயர் த்ரீ ஊர்ப் பையன் கதைதான். ஆனால் கிண்டல் செய்தவர்கள் செய்யாத ஒன்றை அவர் செய்தார். நோயாளி ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டால் இவரும் பின்னாலேயே போவார். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஒரே ஆளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார். இது ரொம்ப முக்கியம், பின்னால் வருகிறேன்.

இப்போது அந்தப் பெட்டி. இந்தப் பகுதியை நான் கொஞ்சம் ரசித்து எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊசி குத்துவதில் இரண்டு தொல்லை. வலி ஒன்று. தோலுக்குள் ஓட்டை போடுவதால் காயம் ஒன்று. டுஷேன் ஊசியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஈரமான எலக்ட்ரோடைத் தோல் மேல் அழுத்தி வைத்தார். உலர்ந்த தோலின் ரெசிஸ்டன்ஸ் அதிகம். ஈரமாக்கினால் கரன்ட் தோலைத் தாண்டி உள்ளே தசைக்குப் போகும். எங்க பிராஜெக்டுக்கு நாங்கள் ஜெல் தடவுவதும் இதே காரணத்துக்குத்தான். அடுத்து, எந்தக் கரன்ட்? பேட்டரியை நேரடியாகக் கொடுத்தால் அது டி.சி. தொடர்ந்து ஒரே பக்கம் ஓடினால் எலக்ட்ரோடுக்குக் கீழே ரசாயன மாற்றம் நடந்து தோல் புண்ணாகும். அதனால் அவர் எடுத்தது இண்டக்‌ஷன் காயில். சின்ன பேட்டரி, முதன்மைச் சுருள், துணைச் சுருள், நடுவில் கரன்டைப் படபடவென்று துண்டித்துத் துண்டித்துக் கொடுக்கும் இன்டரப்டர். காலிங் பெல்லில் சுத்தியல் அடிக்குமே, அந்த வேலை. துணைச் சுருளில் மாறி மாறித் துடிப்புகள் வரும். ஒரு உலோகக் குழாயை நகர்த்தி அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். கையில் தூக்கிப் போகிற மாதிரி பெட்டியை அவரே வடிவமைத்தார். ஃபாரடேயின் பெயரைச் சேர்த்து இந்த முறைக்கு ஃபாரடைசேஷன் என்று பெயர் வைத்தார். நம்ம ஊர் பிசியோதெரபி சென்டரில் பாட்டிக்குத் தோளில் கரன்ட் வைக்கிறாங்களே, அந்த மெஷினுக்கு இந்தப் பெட்டி கொள்ளுத்தாத்தா.

எலக்ட்ரோடை எந்தப் புள்ளியில் வைத்தால் எந்தத் தசை துள்ளுகிறது என்று உடம்பு முழுக்க வரைபடம் போட்டார். 1855-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். அதுவரை தசையின் வேலையை எப்படிப் படித்தார்கள் தெரியுமா? பிணத்தை அறுத்து, தசையைக் கையால் இழுத்துப் பார்த்து. உயிரோடு இருக்கிற உடம்பில் ஒரு தசை தனியாக வேலை செய்வதே இல்லை, கையைத் தூக்கினாலும் பல தசைகள் கூட்டாகத்தான் தூக்குகின்றன என்று 1867-ல் இன்னொரு பெரிய புத்தகத்தில் காட்டினார். தசை மெலியும் நோய், நடை தள்ளாடும் நோய், பிரசவத்தில் குழந்தையின் தோள் நரம்பு அடிபட்டுக் கை தொங்குவது என்று அவர் விவரித்த நோய்களின் பட்டியல் நீளம். மெடிக்கல் படிக்கிற ஃப்ரெண்டைக் கேளுங்கள், சொல்வார்கள்.

அவரை உலகம் ஞாபகம் வைத்திருப்பது பெரும்பாலும் சிரிப்பை வைத்துத்தான். பல் இல்லாத ஒரு வயதான செருப்புத் தைப்பவர், முகத்தில் உணர்ச்சி மரத்துப்போனவர். அவர் முகத்தில் எலக்ட்ரோடு வைத்து ஒவ்வொரு முகத்தசையாக இயக்கிப் படம் எடுத்தார். 1862-ல் வந்த அந்தப் படங்களை டார்வின் தன் 1872 புத்தகத்தில் பயன்படுத்தினார். உதடு மட்டும் சிரித்தால் அது பொய்ச் சிரிப்பு, கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்ந்தால்தான் நிஜம் என்பது அவர் கண்டது. உண்மையான சிரிப்புக்கு டுஷேன் சிரிப்பு என்றே இப்போது பெயர். இணையத்தில் தேடினால் அந்தப் பெரியவர்தான் முதலில் வருவார். பார்த்தால் சித்திரவதை மாதிரி இருக்கும். அவருக்கு வலி தெரியாது என்பதால்தான் டுஷேன் அவரைத் தேர்ந்தெடுத்தார். ஆனாலும் எனக்கு அந்தப் படங்களைப் பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

சரி, பசங்களுக்கு வருவோம்.

1850-களின் கடைசியில் ஒரு சின்னப் பையனைப் பார்க்கிறார். கால் பலவீனம், ஆனால் கெண்டைக்கால் பெரிது. ஃபுட்பாலர். 1861-ல் தன் புத்தகத்தின் அடுத்த பதிப்பில் இந்த நோயை எழுதும்போது, காரணம் மூளையில் இருக்கிறது என்று தலைப்பிலேயே போட்டார். அது தப்பு. அடுத்த சில வருஷங்களில் இப்படி இன்னும் பல பையன்களைத் தேடிப் பிடித்தார். 1868-ல் 13 பேரை வைத்து ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதில் மூளை காணாமல் போயிருந்தது. காரணம் தசையிலேயே என்று தலைப்பை மாற்றிவிட்டார். வளர்ந்த கால் நிஜமான வளர்ச்சி இல்லை, போலி வளர்ச்சி. ஏழு வருஷத்துக்கு முன்னால் அச்சில் போட்டதை அச்சிலேயே திருத்துவது ஒன்றும் சின்ன விஷயம் இல்லை. நான் ரிவ்யூவில் தப்பான கிராஃப் காட்டினால் அடுத்த ரிவ்யூவில் அந்த ஸ்லைடையே சத்தமில்லாமல் தூக்கிவிடுகிறவன்.

அவர் கொடுத்த அடையாளங்கள் இவை. பலவீனம் முதலில் காலில் தொடங்கும். நிற்கும்போது இடுப்பு முன்னால் வளையும், கால் அகட்டி ஆடி ஆடி நடப்பார்கள். சில தசைகள் பெருத்திருக்கும். வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகும். முற்றிய நிலையில் கரன்ட் வைத்தாலும் தசை சுருங்குவது குறையும். காய்ச்சல் இருக்காது, தொடு உணர்ச்சி போகாது, சிறுநீர் மலத்தில் பிரச்சினை வராது. 150 வருஷத்துக்கு முன்னால் எழுதியது. இதை யாராவது எங்க விளையாட்டு சாரிடம் காட்டியிருக்கலாம்.

மூளை இல்லை, தசை என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? இங்கேதான் அவருடைய இன்னொரு கருவி. அந்தக் காலத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழக்கமான வழி, நோயாளி சாகும்வரை காத்திருப்பது. டுஷேன் காத்திருக்கவில்லை. தோல் வழியாகக் குத்தி, உள்ளே போய், தசையில் ஒரு துளியளவு துண்டைப் பிடித்து வெளியே எடுக்கும் ஊசி ஒன்றைச் செய்தார். டுஷேனின் ஈட்டி என்று அதற்குப் பெயர். திமிங்கில வேட்டை ஈட்டியை நினைத்து வைத்த பெயர், கடல்காரக் குடும்பத்துக்குப் பொருத்தம்தான். இன்று பயாப்சி என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, ஊசி வழியாக எடுப்பதில் இவர் முன்னோடி. எடுத்த துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். தசை இழைகளுக்கு நடுவில் நார்த்திசுவும் கொழுப்பும் வந்து உட்கார்ந்திருந்தன. காலைப் பெரிதாக்கியது அதுதான். ஒரே பையனுக்கு நோயின் வேறு வேறு கட்டங்களில் எடுத்துப் பார்த்தால், சினிமா மாதிரி நோய் நகர்வது தெரியும்.

உயிரோடு இருக்கிற ஒருவரிடமிருந்து இப்படிச் சதையை எடுப்பது சரியா என்று அப்போதே எதிர்ப்பு வந்தது. எனக்கும் இதில் முழுச் சம்மதம் இல்லை. அந்தப் பையன்களிடம் யார் கேட்டார்கள்? கேட்டாலும் ஒரு குழந்தை என்ன சொல்லும்? இன்று டி.எம்.டி. ஆராய்ச்சியில் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது, புரிந்துகொள்ளும் வயதில் இருந்தால் பையனின் சம்மதமும் வேண்டும். அன்று அப்படி எதுவும் இல்லை. ஆனால் இப்படித் தசைத் துண்டை எடுக்காமல் நோய் தசையில் என்று உயிரோடு இருக்கிற குழந்தையில் காட்டியிருக்க முடியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்கிறேன்.

நோயைக் கண்டுபிடித்தாயிற்று. சிகிச்சை? டுஷேனிடம் இருந்தது கரன்ட் பெட்டி. அதையே வைத்தார். முற்றிய நிலையில் ஒன்றும் ஆகவில்லை என்று நேர்மையாக எழுதினார். ஆனால் ஆரம்ப நிலையில் இருந்த ஓரிருவர் கரன்டால் தேறினார்கள் என்று நம்பினார்.

இந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். இவ்வளவு கவனமான மனிதர் இங்கே எப்படி ஏமாந்தார்? பதில் தெரிந்தபோது எனக்கு ஒரு கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் கணக்கு மாதிரிதான் தெரிந்தது. நாலு வயசிலிருந்து ஏழு வயசு வரை எந்தப் பையனும் வளர்கிறான், பலம் கூடுகிறது. டி.எம்.டி. பையனுக்கும் கூடும், மற்றவர்களைவிடக் குறைவாக. ஒரு பக்கம் வளர்ச்சி மேலே இழுக்கிறது, இன்னொரு பக்கம் நோய் கீழே இழுக்கிறது. கொஞ்ச காலத்துக்குக் கூட்டுத்தொகை மேலேதான் போகும். அந்த நேரத்தில் நீங்கள் கரன்ட் கொடுத்தாலும் சரி, டானிக் கொடுத்தாலும் சரி, கசாயம் கொடுத்தாலும் சரி, அதனால்தான் தேறினான் என்று தோன்றும். ஒரே பையனை எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் இது பிடிபடாது. சிகிச்சை பெறாத இன்னொரு பையன் பக்கத்தில் வேண்டும். டுஷேனிடம் 13 பேர் இருந்தார்கள், ஒப்பிட ஒரு குழு இல்லை. அப்படி ஒப்பிடும் பழக்கமே அன்றைய மருத்துவத்தில் அநேகமாக இல்லை.

அந்தக் குழு வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1989-ல் அமெரிக்காவில் மெண்டலும் அவர் கூட்டாளிகளும் 103 பையன்களை எடுத்தார்கள். சிலருக்குப் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு, சிலருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று பையனுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆறு மாதம். ஸ்டீராய்டு எடுத்தவர்களின் பலம் தெளிவாகக் கூடியது. எடை போடும், உயரம் குறையும், எலும்பு பலவீனமாகும், எரிச்சல் வரும். ஆனாலும் நோயின் ஓட்டத்தைத் தள்ளிப்போடுகிறது என்று சந்தேகமில்லாமல் தெரிந்த முதல் மருந்து அதுதான். அப்புறம் தினமும் கொடுப்பதா, விட்டு விட்டுக் கொடுப்பதா என்று டாக்டர்களுக்குள் பல வருஷச் சண்டை. 2022-ல் ஐந்து நாடுகளில் 196 பையன்களை மூன்று வருஷம் பார்த்து, பத்து நாள் கொடுத்துப் பத்து நாள் நிறுத்துவதைவிடத் தினமும் கொடுப்பதே மேல் என்று முடிவு வந்தது. அந்தப் பையன்கள் எல்லாரும் நாலிலிருந்து ஏழு வயசு. அதில் முக்கியமாக அளந்த ஒன்று என்ன தெரியுமா? தரையில் படுத்திருக்கும் பையன் எழுந்து நிற்க எத்தனை நொடி. ஸ்டாப்வாட்ச்சோடு ஒருவர் நிற்பார். நாங்க எதைப் பார்த்துச் சிரிச்சோமோ, அதை.

அந்த ஏணி ஏறுவது மாதிரி எழுவதற்குப் பெயர் டுஷேன் பெயர் இல்லை, கோவர்ஸ் பெயர். 1879-ல் லண்டனில் கோவர்ஸ் என்ற நரம்பியல் டாக்டர் அதை விவரித்தார். உண்மையில் நோய்க்கே டுஷேன் பெயர் வந்தது நியாயமா என்று ஒரு கேள்வி உண்டு. அவருக்கு முன்பே, 1851-ல், லண்டனில் எட்வர்ட் மெரியோன் இதே நோயைச் சகோதரர்களிடம் பார்த்து விவரித்தார். நரம்பில் கோளாறு இல்லை, தசை இழையின் உறைதான் உடைகிறது என்றும், குடும்பத்தில் பையன்களையே தாக்குகிறது என்றும் சொல்லிவிட்டார். இன்று பார்த்தால் அவர் சொன்னதுதான் இன்னும் துல்லியம். 1987-ல் குங்கெல் குழு கண்டுபிடித்த டிஸ்ட்ரோபின் என்ற புரதம் அந்த உறைக்கு அடியில்தான் இருக்கிறது, சுருங்கி விரியும் அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டு. அது இல்லாவிட்டால் உறை கிழிகிறது. அதற்கான ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால்தான் அம்மா வழியாகப் பையனுக்கு வருகிறது. ஆனால் பெயர் டுஷேனுக்குப் போய்விட்டது. படங்கள், 13 பேர், பெரிய புத்தகங்கள், பாரிஸ். மெரியோனுக்கு நான் கொஞ்சம் வருத்தப்படுகிறேன்.

இப்போது மரபணு சிகிச்சையும் வந்துவிட்டது. டிஸ்ட்ரோபின் ஜீன் மனித உடம்பிலேயே மிகப் பெரிய ஜீன்களில் ஒன்று, அதைச் சுமந்து போகும் வைரஸுக்குள் அடங்காது. அதனால் முக்கியமான பகுதிகளை மட்டும் வைத்து ஒரு குட்டி வெர்ஷன் செய்தார்கள். ஃபைலை ஜிப் பண்ணுவதுகூட இல்லை, பாதிக்கு மேல் டெலீட் பண்ணி இயங்க வைப்பது. 2023-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அப்போது விலை ஒரு டோஸுக்கு 32 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 26 கோடி ரூபாய். அதே வருஷம் 125 பையன்களை வைத்து நடந்த சோதனையில் முதன்மை அளவுகோலில் மருந்துக் குழுவுக்கும் வெறும் ஊசிக் குழுவுக்கும் உறுதியான வித்தியாசம் காட்ட முடியவில்லை. பெற்றோர்கள் பலர் எங்க பையன் முன்னைவிட நல்லா இருக்கான்னு சொன்னார்கள். கம்பெனியும் மற்ற அளவுகளைக் காட்டியது. 2025-ல், நடக்க முடியாத நிலையில் இந்தச் சிகிச்சை எடுத்த இரண்டு பையன்கள் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். டுஷேன் எந்த இடத்தில் தடுக்கினாரோ, அந்த இடத்திலேயே 150 வருஷம் கழித்தும் எல்லாரும் நிற்கிறார்கள். பையன் தேறியது மருந்தாலா, வயசாலா?

டுஷேனின் கடைசி வருஷங்களில் ஒரு நல்லது நடந்தது. 1862 வாக்கில் மகன் எமில் திரும்பி வந்தார். அவரும் டாக்டராகியிருந்தார். அப்பாவோடு பாரிஸில் சேர்ந்து வேலை பார்த்தார், குழந்தைகளின் பக்கவாதம் பற்றி ஆராய்ந்து எழுதினார். கைக்குழந்தையிலேயே பிரிந்த பையன். ஒரு பத்து வருஷம்கூட முழுசாகக் கிடைக்கவில்லை. 1870-ல் ஜெர்மன் படைகள் பாரிஸைச் சுற்றி வளைத்த முற்றுகைக் காலத்தில் எமில் டைபாய்டில் இறந்துபோனார்.

அதற்குள் பாரிஸ் மருத்துவ உலகம் டுஷேனை மதிக்கக் கற்றிருந்தது. சல்பெத்ரியேர் என்று ஒரு பிரம்மாண்டமான ஆஸ்பத்திரி, ஒரு காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலை. அங்கே அப்போது நரம்பியலின் ராஜா ஷார்கோ. அவர் டுஷேனைத் தன் குரு என்றே சொல்லிக்கொண்டார். மின்சாரமும் புகைப்படமும் அந்த ஆஸ்பத்திரியில் வேரூன்றியதில் டுஷேனுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அங்கேயும் அவருக்கு நிரந்தர வேலை கிடையாது. முகப் படங்களின் ஆல்பத்தைப் பாரிஸ் நுண்கலைக் கல்லூரிக்குக் கொடுத்தார், ஓவியம் படிக்கும் மாணவர்களுக்கு உதவட்டும் என்று. 1875 செப்டம்பரில் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார். 69-வது பிறந்தநாளுக்கு இன்னும் ஓரிரு நாள் இருந்தது.

ஒரு தகவல், இதைப் படிக்கிறவங்க வீட்டிலோ பக்கத்திலோ சின்னப் பையன் யாராவது இருந்தால் உதவும். கெண்டைக்கால் பெரிதாக இருந்து, ஓட முடியாமல், தொடையில் கை வைத்து எழுகிறான் என்றால், சி.கே. என்று ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை இருக்கிறது. டி.எம்.டி. இருந்தால் அந்த அளவு பல மடங்கு எகிறி நிற்கும். அப்புறம் ஜீன் டெஸ்ட் பண்ணி உறுதி செய்வார்கள். எங்க ஃபுட்பாலருக்கு இதை நாலு வயசிலேயே பார்த்திருந்தால் ஸ்டீராய்டு சரியான நேரத்தில் தொடங்கியிருக்கலாம், இன்னும் சில வருஷம் நடந்திருப்பான்.

அவனுக்கு இப்போ என் வயசுதான், 21. ராத்திரி மூச்சுக்கு மெஷின் மாட்டிக்கிறான், பகல்ல லேப்டாப்ல வெப் டிசைன் வேலை செய்யறான், என்னைவிட முன்னாடியே சம்பாதிக்க ஆரம்பிச்சுட்டான். அவன் சரின்னு சொன்ன பிறகுதான் அவனைப் பத்தி எழுதினேன். டிராஃப்டை முதல்ல அவனுக்குத்தான் அனுப்பினேன். ரெண்டு திருத்தம் சொன்னான். தூக்கிட்டுப் போனது நாலு பேர் இல்ல, மூணு பேர், நாலாவது ஆள் பையை மட்டும்தான் தூக்குவான், அது நீதான்னான். அப்புறம், காயில் பத்தி இவ்வளவு நீளம் யாரும் படிக்க மாட்டாங்க, வெட்டுன்னான். ரெண்டையும் மாத்தல.